சாதனைப் பலகையில் ஒரு வெற்று வரி

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

ஓட்டப்பந்தயம் என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவது 100 மீட்டர் ஓட்டமே. சற்று ஆர்வமுடையோர் 400, 800, 1500 மீட்டர் ஓட்டங்களையும் அறிவர். ஆனால் 600 மீட்டர் தூரத்தை மிக விரைவாக ஓடிய பெண் யார்? 1000 மீட்டரை ஓடியவர் யார்? 2000 மீட்டரை ஓடியவர் யார்? இவ்வினாக்களுக்கு நம்முள் எத்தனை பேர் விடையளிக்க முடியும்? அதிகம் ஓடப்படாத இத்தூரங்களைப் பற்றி எங்கள் வகுப்பினர் படித்தும் கணக்கிட்டும் அறிந்துகொண்டவற்றை இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

வினா பிறந்த கதை

நம் பள்ளி மைதானத்தின் ஒரு சுற்று 200 மீட்டர் என்பது எல்லோரும் அறிந்ததே. விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி நடந்த ஒரு மாலையில், 800 மீட்டருக்கான நான்கு சுற்று ஓட நேரம் போதவில்லை. மணி அடிக்கப் போகிறதென்று உடற்பயிற்சி ஆசிரியை மூன்று சுற்றோடு நிறுத்திவிட்டார். அன்று ஓடியவர்கள் மூவர். முதலில் வந்தவளுக்கு 2 நிமிடம் 13 விநாடி ஆயிற்று. மூச்சு வாங்கிக்கொண்டே அவள், "டீச்சர், இது ரெக்கார்டா?" என்று கேட்டாள்.

எல்லோரும் உடற்பயிற்சி அறையின் வாயிலுக்கு மேலுள்ள சாதனைப் பலகையை அண்ணாந்து பார்த்தோம். 100, 200, 400, 800 என நான்கு வரிகள் இருந்தன. 600க்கு வரியே இல்லை. "யாரும் ஓடலையேம்மா, அப்புறம் ரெக்கார்டு எங்கேர்ந்து வரும்?" என்றார் ஆசிரியை சிரித்துக்கொண்டே.

மறுநாள் வகுப்பில் இதைக் கேட்ட கணித ஆசிரியையான அருட்சகோதரி, "ஓடாவிட்டால் என்ன, எவ்வளவு நேரத்தில் ஓடியிருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாமே" என்றார். அங்கேதான் எங்கள் ஆராய்ச்சி தொடங்கியது.

சில தூரங்கள் ஏன் அரிதாயின?

ஓடுவோரின் கால்களுக்கு 800 என்றும் 1000 என்றும் தெரியாது. தூரங்களைத் தெரிந்தெடுத்தவர் மனிதரே. 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக் போட்டியிலேயே 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஆண்களுக்கு இடம்பெற்றன. இன்றும் ஒலிம்பிக்கில் நடுத்தரத் தூர ஓட்டங்கள் இவ்விரண்டே. பதக்கம் எங்கே உண்டோ அங்கேதான் பயிற்சியும் கூட்டமும் சேரும். 1000 மீட்டருக்கும் 2000 மீட்டருக்கும் உலகச் சாதனைகள் முறையாகப் பதிவு செய்யப்பட்டாலும், அவற்றுக்கு ஒலிம்பிக் பதக்கம் இல்லை. 600 மீட்டருக்கோ முறையான உலகச் சாதனை என்ற தகுதியே இல்லை. மிகச் சிறந்த நேரம் என்று மட்டும் குறித்து வைக்கிறார்கள்.

மைல் ஓட்டத்தின் கதை வேறு. ஒரு மைல் என்பது 1609.344 மீட்டர். ஒலிம்பிக்கில் இல்லாவிட்டாலும் மக்கள் மனத்தில் அதற்குத் தனி இடம் உண்டு. 1976ஆம் ஆண்டில் கஜக் கணக்கிலும் மைல் கணக்கிலும் இருந்த தடகள உலகச் சாதனைகளை எல்லாம் பட்டியலிலிருந்து நீக்கியபோது, மைலை மட்டும் விட்டுவைத்தார்கள். எனவே அது அடிக்கடி ஓடப்படும் தூரமாகவே நீடிக்கிறது. இது பின்னால் நமக்குப் பயன்படும்.

தூரம் இரு மடங்கானால் நேரம் எத்தனை மடங்கு?

தூரம் இரு மடங்கானால் நேரமும் இரு மடங்காகும் என்பது புகைவண்டிக் கணக்கு. மனித உடலுக்கு அது பொருந்தாது. டேவிட் ருடிஷா 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் 800 மீட்டரை 1 நிமிடம் 40.91 விநாடியில் ஓடினார். வேட் வான் நீகெர்க் 2016ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் 400 மீட்டரை 43.03 விநாடியில் ஓடினார். வகுத்துப் பார்த்தால் 2.35 மடங்கு வருகிறது. 1500 மீட்டர், 3000 மீட்டர் உலகச் சாதனைகளை இவ்வாறே ஒப்பிட்டால் ஏறத்தாழ 2.12 மடங்குதான் வருகிறது.

இந்த வேறுபாட்டுக்குக் காரணம் உடலுக்குள் இருக்கிறது. 400 மீட்டரை ஓடுபவர், மூச்சில் வரும் பிராணவாயுவை எதிர்பாராமல் தசைகள் உடனடியாகத் தரும் ஆற்றலைப் பெரிதும் நம்பி ஓடுகிறார். அந்த ஆற்றல் விரைவில் தீர்ந்துவிடும். 800 மீட்டரில் பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் பிராணவாயுவின் துணையால் கிடைக்கிறது. 1500 மீட்டரில் மிகப் பெரும்பகுதி அவ்வாறே கிடைக்கிறது. ஆகவே குறுகிய தூரத்திலிருந்து நடுத்தரத் தூரத்துக்கு வரும்போது வேகம் சட்டென்று குறைகிறது. பிறகு குறைவது மெதுவாகிறது.

பீட்டர் ரீகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1977ஆம் ஆண்டில் இதற்கு ஓர் எளிய வாய்பாட்டைத் தந்தார். தூரம் எத்தனை மடங்காகிறதோ அந்த எண்ணின் 1.06 அடுக்கு, நேரம் எத்தனை மடங்காகும் என்பதைத் தரும் என்பதே அது. அதன்படி தூரம் இரு மடங்கானால் நேரம் சுமார் 2.085 மடங்காகும். ஆனால் ஏறத்தாழ மூன்றரை நிமிடத்துக்கு மேற்பட்ட ஓட்டங்களுக்கே இது பொருந்தும் என்று அவரே வரையறுத்தார். 600க்கும் 1000க்கும் உதவாது. எனவே ஒவ்வொரு அரிய தூரத்துக்கும் அதன் இரு பக்கத்திலுமுள்ள பெயர் பெற்ற தூரங்களைக் கொண்டு நாங்களே கணக்கிட முடிவு செய்தோம். மேல்நிலை வகுப்பு அக்கா ஒருவர் தம் மடக்கை அட்டவணையைக் கொடுத்து உதவினார்.

நாங்கள் செய்த கணக்கு

பெண்களின் 1000 மீட்டரை எடுத்துக்கொள்வோம். 800 மீட்டரில் யார்மிலா கிராட்டோச்விலோவா 1983ஆம் ஆண்டில் ஓடிய நேரம் 1 நிமிடம் 53.28 விநாடி, அதாவது 113.28 விநாடி. 1500 மீட்டரில் கென்ய நாட்டு ஃபெய்த் கிப்யெகோன் 2025ஆம் ஆண்டில் ஓடிய நேரம் 3 நிமிடம் 48.68 விநாடி, அதாவது 228.68 விநாடி.

முதலில் தூரங்களின் மடக்கைகள்: 800க்கு 2.9031, 1000க்கு 3.0000, 1500க்கு 3.1761. 800லிருந்து 1500 வரையுள்ள வழியில் 1000 எவ்வளவு தொலைவில் இருக்கிறது? 0.0969ஐ 0.2730ஆல் வகுத்தால் 0.355 வருகிறது.

அடுத்து நேரங்களின் மடக்கைகள்: 2.0542, 2.3593. வித்தியாசம் 0.3051. அதை 0.355ஆல் பெருக்கினால் 0.1083. அதை 2.0542உடன் கூட்டினால் 2.1625. இதன் எதிர்மடக்கை 145.4. ஆகவே கணக்கு காட்டும் நேரம் 2 நிமிடம் 25.4 விநாடி.

உண்மையில் ஓடப்பட்டது? ஸ்வெத்லானா மாஸ்டர்கோவா 1996ஆம் ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் 2 நிமிடம் 28.98 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். கணக்குக்கும் ஓட்டத்துக்கும் இடையே 3.6 விநாடி இடைவெளி!

கணக்கு பிழையோ என்று முதலில் அஞ்சினோம். எனவே அடிக்கடி ஓடப்படும் மைலில் அதைச் சோதித்தோம். 1500, 3000 மீட்டர் சாதனைகளைக் கொண்டு கணக்கிட்டபோது பெண்களுக்கு 4 நிமிடம் 6.9 விநாடி வந்தது. கிப்யெகோன் 2023ஆம் ஆண்டு மொனாக்கோவில் ஓடியது 4 நிமிடம் 7.64 விநாடி. ஆண்களுக்கு 3 நிமிடம் 42.4 விநாடி வந்தது. ஹிஷாம் எல் கெரூஜ் 1999ஆம் ஆண்டு ரோமில் ஓடியது 3 நிமிடம் 43.13 விநாடி. இரண்டிலும் இடைவெளி ஒரு விநாடிக்கும் குறைவே. எங்களுக்குத் துணிவு வந்தது.

மற்ற தூரங்களுக்குக் கிடைத்த விடைகளைக் கீழே தருகிறோம். நி. என்பது நிமிடம், வி. என்பது விநாடி.

பெண்கள்

600 மீட்டர்: கணக்கு 1 நி. 19.0 வி.; ஓடியது 1 நி. 21.63 வி. (மேரி மோரா, 2024), இடைவெளி 2.6 வி.
1000 மீட்டர்: கணக்கு 2 நி. 25.4 வி.; ஓடியது 2 நி. 28.98 வி. (மாஸ்டர்கோவா, 1996), இடைவெளி 3.6 வி.
2000 மீட்டர்: கணக்கு 5 நி. 12.7 வி.; ஓடியது 5 நி. 19.70 வி. (ஜெசிகா ஹல், 2024); இடைவெளி 7.0 வி.

ஆண்கள்

600 மீட்டர்: கணக்கு 1 நி. 10.8 வி.; ஓடியது 1 நி. 12.81 வி. (ஜானி கிரே, 1986), இடைவெளி 2.0 வி.
1000 மீட்டர்: கணக்கு 2 நி. 10.0 வி.; ஓடியது 2 நி. 11.96 வி. (நோவா இங்கெனி, 1999); இடைவெளி 2.0 வி.
2000 மீட்டர்: கணக்கு 4 நி. 41.6 வி.; ஓடியது 4 நி. 43.13 வி. (ஜேக்கப் இங்கெபிரிக்ட்சன், 2023), இடைவெளி 1.5 வி.

இந்தக் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

எங்கள் முறையில் குறைகள் உண்டு. அவற்றை மறைப்பது நேர்மையன்று. இரு புள்ளிகளுக்கு இடையே நாங்கள் நேர்கோடு வரைந்தோம். உண்மையில் அது சற்று வளைந்த கோடு. எனவே எங்கள் கணக்கு ஓடுவோரிடம் கொஞ்சம் அதிகமாகவே எதிர்பார்க்கிறது. மைலோ 1500க்கு மிக அருகில் இருப்பதால், அங்கே இந்த வளைவு பெரிதாகத் தெரியாது. மேலும் பெண்களின் 400 மீட்டர் சாதனை 1985ஆம் ஆண்டையும், 800 மீட்டர் சாதனை 1983ஆம் ஆண்டையும், 3000 மீட்டர் சாதனை 1993ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. ஊக்கமருந்துச் சோதனைகள் இப்போதுபோல் கடுமையாக இல்லாத காலம் அது என்று சுட்டிக்காட்டுவோரும் உண்டு. ஆகவே இடைவெளி முழுவதற்கும் ஒரே காரணம் கூறிவிட இயலாது.

ஆயினும் ஒன்று கண்கூடு. ஒரே அளவுகோலால் அளந்தும், மூன்று தூரங்களிலும் பெண்களின் இடைவெளியே பெரிதாக இருக்கிறது. இது ஏன் என்று அறிய, கணக்கை மூடிவைத்துவிட்டு வரலாற்றைத் திறந்தோம்.

மூன்று வகை வெற்றிடங்கள்

சாதனைப் பட்டியலில் உள்ள வெற்றிடங்கள் மூன்று வகைப்படும் என்று கண்டோம்.

முதலாவது, யாரும் அதிகம் ஓடாததால் உண்டாகும் வெற்றிடம். 1999ஆம் ஆண்டு ஜூலை மாதம் ரோமில் எல் கெரூஜ் மைல் சாதனை படைத்தபோது, 0.27 விநாடி பின்தங்கி இரண்டாவதாக வந்தவர் கென்ய நாட்டு நோவா இங்கெனி. இரண்டு மாதங்களுக்குள் அவர் 1000 மீட்டரில் உலகச் சாதனை படைத்தார். 2024ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் பாரிஸில் கிப்யெகோன் 1500 மீட்டர் சாதனை படைத்தபோது இரண்டாவதாக வந்தவர் ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஹல். ஐந்தே நாட்களில் மொனாக்கோவில் அவர் 2000 மீட்டரில் உலகச் சாதனை படைத்தார். பெரிய பந்தயத்தில் இரண்டாமிடம் பெற்றவருக்கு, ஆள் குறைந்த பாதையில் முதலிடம் காத்திருந்தது!

இரண்டாவது, ஓடவே விடாததால் உண்டாகும் வெற்றிடம். 1928ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முறையாகத் தடகளப் போட்டிகளில் அனுமதிக்கப்பட்டனர். 800 மீட்டரில் ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் வென்றார். ஜப்பானின் கினுவே ஹிட்டோமி இரண்டாவதாக வந்து, தம் நாட்டுப் பெண்களில் முதல் ஒலிம்பிக் பதக்கம் பெற்றார். ஆனால் ஓடியவர்கள் பாதியில் நின்றனர் என்றும் துவண்டு விழுந்தனர் என்றும் சில நாளிதழ்கள் எழுதின. உண்மை என்னவெனில், இறுதிப் போட்டியில் ஓடிய 9 பேரும் ஓடி முடித்தனர். களைத்துப்போய்த் தரையில் சாய்வது ஆண்களுக்கும் வழக்கந்தானே! ஆயினும் பெண்களின் உடல் இதற்கு ஏற்றதன்று என்று கூறி அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள். 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில்தான் அது திரும்ப வந்தது. இடையில் சென்றது 32 ஆண்டுகள்.

அந்த ஆண்டுகளில் சாதனைப் பட்டியலில் நடந்தது என்ன? ராட்கேயின் நேரம் 1944ஆம் ஆண்டில் சுவீடனின் ஆன்னா லார்சன் முறியடிக்கும் வரை 16 ஆண்டுகள் அசையாமல் நின்றது. அதே தூரத்தில் ஆண்களின் சாதனையோ, 1928க்கும் 1939க்கும் இடையில் 1 நிமிடம் 50.6 விநாடியிலிருந்து 1 நிமிடம் 46.6 விநாடிக்கு இறங்கிவிட்டது. 1960இல் திரும்ப வந்தபோது சோவியத் நாட்டின் லியுட்மிலா ஷெவ்ட்சோவா 2 நிமிடம் 4.3 விநாடியில் வென்றார். ராட்கேயைவிட 12 விநாடிக்கு மேல் விரைவு! இடையில் மாறியது பெண்ணின் உடலா? இல்லை. ஓடிய பெண்களின் தொகையும் அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்புமே மாறின. ஒரு காலத்தில் பெண்களுக்கு 800 மீட்டரே அரிய தூரமாக இருந்தது என்பதை நாம் மறத்தல் கூடாது.

மூன்றாவது, ஓடியும் எழுதாததால் உண்டாகும் வெற்றிடம். 1954ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் இங்கிலாந்தின் ரோஜர் பேனிஸ்டர் மைலை 4 நிமிடத்துக்குள் ஓடியதை உலகமே அறியும். அதே மாதம் 29ஆம் நாள் அதே நாட்டின் டயேன் லெதர் மைலை 4 நிமிடம் 59.6 விநாடியில் ஓடி, 5 நிமிடத்தைக் கடந்த முதல் பெண்மணியானார். அடுத்த ஆண்டே 4 நிமிடம் 45 விநாடிக்கு வந்துவிட்டார். ஆனால் பெண்களின் மைல் ஓட்டம் அக்காலத்தில் உலகச் சாதனையாக ஏற்கப்படவில்லை. 1967ஆம் ஆண்டில்தான் அதற்கு முறையான பட்டியல் தொடங்கியது. அவர் ஓடினார், கடிகாரமும் ஓடியது, ஏட்டில் மட்டும் ஏறவில்லை.

இம்மூன்றும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்று போலவே தோன்றும். "இவர்களால் முடியாது போலும்" என்று எளிதில் முடிவு கட்டிவிடுவர். முடியாமையும் முயலாமையும் ஒன்றல்ல; முயல விடாமையும் எழுதாமையும் வேறு வேறு. ஒரு சாதனை என்பது ஒருவரின் திறமையை மட்டும் காட்டுவதில்லை. எத்தனை பேர் அத்தூரத்தில் தங்களைச் சோதித்துப் பார்த்தார்கள் என்பதையும் காட்டுகிறது. நாங்கள் கற்ற பாடம் இதுவே.

நம் மைதானத்தில்

இதை நம் பள்ளியிலேயே சோதித்துப் பார்க்க விரும்பினோம். நம் பலகையில் 400 மீட்டருக்கு 1 நிமிடம் 12 விநாடி; 800 மீட்டருக்கு 2 நிமிடம் 58 விநாடி. மடக்கை முறைப்படி 600 மீட்டருக்கு 2 நிமிடம் 2 விநாடி வருகிறது. முதல் நாள் மூவர் ஓடியதில் சிறந்த நேரம் 2 நிமிடம் 13 விநாடி. இடைவெளி 11 விநாடி.

அருட்சகோதரியின் அனுமதியோடு நான்கு சனிக்கிழமைகளில், விருப்பமுள்ள யாரும் வந்து ஓடலாம் என்று அறிவித்தோம். பள்ளிக் குழுவில் இருப்பவர்கள் என்று நாங்கள் பொறுக்கி எடுக்கவில்லை. மொத்தம் 26 பேர் ஓடினோம். கட்டுரை எழுதுபவரும் ஓடி, இருபதாவதாக வந்தோம் என்பதை நாணத்தோடு ஒப்புக்கொள்கிறோம்! நான்காம் சனிக்கிழமையன்று ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி 2 நிமிடம் 5 விநாடியில் வந்து நின்றாள். அவள் எந்த விளையாட்டுக் குழுவிலும் இல்லாதவள். 100 மீட்டரில் எப்போதும் கடைசியாக வருவதால் தனக்கு ஓட்டமே வராது என்று எண்ணியிருந்தவள். 11 விநாடியாக இருந்த இடைவெளி 3 விநாடியாகச் சுருங்கியது. கணக்கு அவளை ஓட வைக்கவில்லை. ஆனால் அங்கே ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று காட்டியது.

இப்பொழுது உடற்பயிற்சி அறை வாயிலுக்கு மேலுள்ள பலகையில் 400க்கும் 800க்கும் இடையே ஐந்தாவது வரி ஒன்று வெள்ளைச் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கிறது. மற்ற வரிகளைப் போல் வண்ணத்தால் எழுதவில்லை. எப்படியும் இவ்வாண்டே அழித்து எழுத வேண்டியிருக்கும் என்று உடற்பயிற்சி ஆசிரியை கூறிவிட்டார்.

தங்கையரே! கணக்குப்படி இன்னும் 3 விநாடி மீதமிருக்கிறது. சனிக்கிழமை மாலை மைதானம் திறந்தே இருக்கும். பெற்றோர்களே! உங்கள் மகள் சற்று நேரம் கழித்து வீடு திரும்பினால், எந்த வரியை எழுதிவிட்டு வந்தாள் என்று அன்போடு கேளுங்கள்.